பச்சைக் குழந்தைக்குச் சின்னம்மை: அந்த 7 நாட்கள்!

அம்மை என்றாலே நாடு நடுங்கிய காலம் உண்டு. அது பெரியம்மை. இந்தியாவில் 1975-ம் ஆண்டோடு அது தொலைந்தது. 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இப்போது இருப்பது சின்னம்மை. பள்ளிப் பிள்ளைக்கு வந்தால் வேப்பிலை வைத்து, இளநீர் கொடுத்து, பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். யாருக்கும் பயம் இல்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால்? அதுவும், இன்றோ நாளையோ என்று இருப்பவளுக்கு வந்தால்?

தாயின் உடலில் உள்ள கிருமி வயிற்றுக் குழந்தைக்கும் போய்விடும். அதை எதிர்க்கும் சக்தி தாய்க்கு ஊறிக் குழந்தைக்குப் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் பிரசவம் ஆகிவிட்டால், குழந்தை கிருமியோடு பிறக்கிறது. கவசம் இல்லாமல் பிறக்கிறது!

பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து, பிரசவமாகி 2 நாள் வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால் ஆபத்து. மருந்து இல்லாத காலத்தில், இப்படி அம்மை கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 30 வரை இறந்தன என்கின்றன மருத்துவ நூல்கள்.

இன்று வழி இருக்கிறது. பிறந்தவுடன் எதிர்ப்புச் சக்தி ஊசி போடுவார்கள். கொப்புளம் கண்டால் 'அசைக்ளோவிர்' மருந்து ஏற்றுவார்கள். எல்லாம் உடனே நடக்க வேண்டும்.

பழனி மலையில் 'உடனே' என்பது எளிதா? மன்னவனூர், பூம்பாறைக்காரர்கள் முதலில் கொடைக்கானலுக்கு வரவேண்டும். அங்கிருந்து பழனிக்கு இறங்கவே சுமார் 65 கிலோ மீட்டர், அத்தனையும் வளைவு! வெள்ளகவி மக்களோ நோயாளியை டோலி கட்டிச் சுமந்து பழகியவர்கள். 2022-ல் திண்டுக்கல்லில் மருத்துவக் கல்லூரி திறந்தது பெரிய உதவிதான். ஆனால் கல்லூரி கீழே இருக்கிறது. பிரசவ வலி மலைமேல் வருகிறது.

"அம்மன் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி கூடாது" என்பார்கள் பாட்டிமார்கள். வாசலில் வேப்பிலை செருகி வெளியாரைத் தடுப்பது நல்ல வழக்கம், தொற்று பரவாது. டாக்டரையும் வாசலோடு நிறுத்துவதுதான் தவறு. 108-க்குப் போன் செய்யும்போதே "அம்மை கண்டிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். மற்றத் தாய்மார்களுக்குத் தொற்றாமல் தனி இடம் ஒதுக்குவார்கள்.

அம்மையே வராத பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இரண்டு தவணை. அதன்பின் ஒரு மாதமாவது கர்ப்பம் கூடாது. கர்ப்பிணிகள் இதைப் போடக்கூடாது. ஜப்பானிய டாக்டர் மிச்சியாகி டக்காஹாஷி 1970-களில் உருவாக்கிய ஊசி இது. நம் நாட்டு இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இன்னும் சேரவில்லை. காசு கொடுத்துத்தான் போடவேண்டும். காப்பித் தோட்டக் கூலிக்காரர் வீட்டுக்கு அந்தக் காசு பெரிது.