கபுகிக்கு ஒரு நீதி, காமன் கூத்துக்கு ஒரு நீதியா?

நமுனுகுல மலையடிவாரத்துப் பாடசாலையொன்றில், சென்ற தவணை, நாடகமும் அரங்கியலும் பாடவேளையில் நிகழ்ந்தது இது. யப்பானியக் கபுகி அரங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்கின்றனர், அத்தகைய நடிகரை 'ஒன்னகத்தா' என்று அழைக்கின்றனர் என்று விளக்கி, வெண்சாயம் பூசிய ஒரு நடிகரின் படத்தைக் காட்டினோம். மாணவர்கள் வியந்து பார்த்தனர். "இக்கலை நம் தோட்டங்களிலும் உண்டு. மாசி மாதத்தில் ரதியாக ஆடுபவரும் ஆண்தானே" என்றோம். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "சேர், இவனுடைய தாத்தாதான் ரதி!" வகுப்பு முழுவதும் சிரித்தது. சுட்டிக்காட்டப்பட்ட சிறுவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மணியடித்தபின் நம்மிடம் வந்து, இனி வகுப்பில் தாத்தாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டான்.

அயல்நாட்டு நடிகருக்கு வியப்பு, அடுத்த லயத்து நடிகருக்குச் சிரிப்பு! இந்தச் சிரிப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்?

படத்தில் இருந்தவர் ஆறாம் நகமுரா உத்தயேமோன். 1917இல் நடிகர் குடும்பத்தில் பிறந்து, 1951இல் தந்தையின் மேடைப்பெயரை ஏற்றவர். 1960இல் கபுகிக் குழுவோடு அமெரிக்கா சென்று ஆடினார். 1968இல் யப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. 2001இல் அவர் மறைந்தபோது இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் ஒன்னகத்தா மறைந்தார் என்று எழுதினார்கள். மிகையன்று, அக்கலையின் பயிற்சி அத்தனை கடுமையானது. முழங்கால்களுக்கிடையே தாளொன்றை இடுக்கி, அது விழாமல் நடந்து பழகுவார்களாம். நாள்தோறும் பெண்ணாகவே வாழாதவனால் மேடையில் பெண்ணாக முடியாது என்று கருதினார், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற யொஷிசாவா அயாமே.

இனி, நம் சிறுவனின் தாத்தா. அவர் பிறந்தது 1948இல்; இந்நாட்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய அதே ஆண்டு. பதினான்கு வயதில் கூத்து வாத்தியார் ஒருவர் அவர் குரலைக் கேட்டு ரதி வேடத்துக்குத் தெரிந்தெடுத்தார். நடையை யாரிடம் கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டோம். "எங்க அம்மாகிட்டத்தான்" என்றார். தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கொழுந்துக்கூடையைச் சுமந்து, மழையில் வழுக்கும் மலைச்சரிவில் இறங்கும் பெண், பாதத்தின் எந்தப் பக்கத்தை முதலில் ஊன்றுவாள். பாரத்தோடு நிற்கும்போது எந்த இடுப்பைச் சாய்ப்பாள் என்று எழுந்து நடந்து காட்டினார். தேவலோகத்து ரதிக்குத் தேயிலை மலைத் தொழிலாளியின் நடையைக் கொடுத்த இந்தக் கலைஞனுக்கு எந்தக் கலைக்கழகம் பயிற்சி அளித்தது?

மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதும் காப்புக் கட்டிக்கொள்வார். புலால் இல்லை, மது இல்லை, மனைவியின் அருகில் உறங்குவதும் இல்லை. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்தபின் வேடம் கட்டி, மதனோடு லயம் லயமாக ஆடிச் செல்வார். சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படும் இரவில், போகாதே என்று தடுத்து ரதி ஆடும் ஆட்டம் விடியும்வரை நீளும். விடிந்ததும் முகச்சாயத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. கண்ணோரத்தில் மை எஞ்சியிருப்பதைக் கண்டு, "வாடி ரதி, கவ்வாத்துக் கத்தி கொண்டு வந்தியா?" என்று கேட்ட கங்காணியை அவர் இன்னும் மறக்கவில்லை. 'வாடி' என்ற சொல்லில் இருந்த இழிவு ரதிக்கு உரியதா, பெண்ணுக்கு உரியதா? அந்த மலையின் கொழுந்தைக் கொய்து தோட்டத்தை வாழவைப்பவர்கள் பெண்கள். ஆயினும் ஓர் ஆணை இழிவுபடுத்த அவனைப் பெண் என்று அழைத்தால் போதும் என்று எண்ணும் சமூகம் இது.

மதன் எரிந்தபின் ரதி மண்ணில் விழுந்து அழும் ஒப்பாரியை நாம் மூன்று முறை கேட்டிருக்கிறோம். சுற்றி நிற்கும் பெண்கள் வாய்விட்டு அழுகிறார்கள். செத்த வீட்டில் அழுது தீர்க்கவும் அவகாசமின்றி மலைக்குப் போனவர்கள், ஆண்டுக்கொருமுறை இந்தக் கிழவனின் குரலில் தங்கள் துக்கத்தைக் கேட்கிறார்கள். கிரேக்க அரங்கைப் பற்றி நாம் கரும்பலகையில் எழுதுகின்றோமே, அதில் வரும் பெரிய சொற்கள் எல்லாம் இந்தக் காட்சிக்குப் பொருந்தாமல் போவது எப்படி?

அவர் வாத்தியாரின் கதை தனி. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக் கூறுபோட்டது. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதிப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று! எழுபதுகளில் ஒருநாள் பதுளை நிலையத்தில் வாத்தியார் புகைவண்டி ஏறினார். தலைமன்னாரிலிருந்து கப்பல். பாட்டுகள் எழுதிய கொப்பியும் அவரோடு போயிற்று. அவர் எங்கே குடியேறினார் என்று தெரியாது. மாணவர் தம் நினைவிலிருந்த அடிகளைக் கொண்டு, விட்டுப்போன இடங்களைத் தாமே இட்டுக்கட்டி, கூத்தை மீட்டார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் இந்நாட்டின் பிரசையானார். உத்தயேமோனை ஓர் அரசு தன் செல்வம் என்றது. இவரைத் தன் குடிமகன் என்று ஒப்புக்கொள்ளவே இன்னோர் அரசுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

யப்பானியர் கலையைப் போற்றத் தெரிந்த இனம், நாம் அப்படியல்லர் என்று பெருமூச்சு விடுவோர் உளர். அவர்கள் கபுகியின் வரலாற்றைப் படிக்கவில்லை. கபுகி நடிகர் நால்வகைக் குடிகளுக்கும் வெளியே வைக்கப்பட்டிருந்தார். 'ஆற்றுப்படுகையார்' என்பது அவரை ஏசும் சொல். 1887இல் பேரரசர் நேரில் கண்டபின்னரே அது கண்ணியமான கலையாயிற்று! பெண் வேடத்தை ஆண் ஏற்றதும் ஆதியான புனித மரபன்று. 1603 அளவில் கபுகியைத் தொடங்கியவளே ஒகுனி என்னும் பெண்தான். 1629இல் ஆட்சியாளர் பெண்களை மேடையிலிருந்து விலக்கினர். பின்னர், 1652இல், இளம் சிறுவர்களையும் விலக்கினர். ஆக, ஒன்னகத்தாவைப் பிறப்பித்தது கலைத் தத்துவமன்று, ஒரு தடைச்சட்டம். தடையின் நடுவிலும் அதிலிருந்து ஒரு பெருங்கலையை உருவாக்கினார்களே, அது நடிகர்களின் மேன்மை.

தமிழகத்து வரலாறும் பூசையறை வரலாறு அன்று. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதன் வழிவந்த பாலர் கம்பெனிகளும் வறிய வீட்டுச் சிறுவர்களைக் கொண்டே நடந்தன. சிறுவன் குறைந்த செலவில் கிடைத்தான். குரல் உடையும்வரை அவன் சீதை. உடைந்ததும் அவன் கதி என்ன என்று கேட்பாரில்லை. டி. கே. சண்முகம் 'ஔவை' என்ற அடைமொழியோடு நிலைத்தார். சிறுவயதில் சீதையாக ஆடிய சிவாஜி கணேசன் பெரும் புகழ் பெற்றார். பெயரே எஞ்சாமல் மறைந்த சீதைகள் எத்தனை பேர்!

நம் நாட்டுப் பல்கலைக்கழகம் மட்டும் வேறென்ன செய்தது? சரச்சந்திர 1955இல் யப்பான் சென்று அந்நாட்டு அரங்கைக் கற்றுத் திரும்பி, 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். நாடகம மரபில் ஆண்கள் ஏற்றுவந்த பெண் வேடத்தில் அங்கே பெண்ணே ஆடினாள். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தார். 'இராவணேசன்' இன்றும் பேசப்படுகிறது. இரண்டும் அரும்பணிகள், இருவரையும் வணங்குகின்றோம். ஆனால் பேராதனைக்கு மலைத்தோட்டங்கள் அடுத்த வீடு. அந்த வீட்டுத் தப்பொலி மட்டும் அன்று உரியபடி செவியில் விழவில்லையே, ஏன்? தப்பை அடிப்பவனின் சாதியும் ஆடுபவனின் கூலியும் அதற்குக் காரணமில்லை என்று கூற யாரேனும் முன்வருவாரா?

நம் அணியிலேயே ஒரு நண்பர், "இது சிவன் எரித்த கதை, மூடநம்பிக்கை. தொழிற்சங்கம் வளர இது ஒழிய வேண்டும்" என்கிறார். தோழரே, கடவுள் நெற்றிக்கண்ணைத் திறந்து கணவனை எரித்தபின், அக்கடவுளிடமே நியாயம் கேட்டுக் கணவனை எழுப்பித் தரச் செய்யும் பெண்ணின் கதையில் உமக்குத் தேவையான எதுவுமே இல்லையா? நீர் சங்கக் கூட்டம் போட்டால் வராத பெண்கள் இங்கே விடியும்வரை நிற்கிறார்கள். அதையாவது யோசியும்.

இவ்வாண்டு ஒரு புதிய சிக்கல் எழுந்திருக்கிறது. பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பேரன் மறுத்துவிட்டான், வகுப்பில் எழுந்த அச்சிரிப்பின் பின் அவன்மேல் நாம் எப்படிக் குறை காண்போம்? ஆனால் பேரனின் அக்காள், உயர்தரம் முடித்தவள், ஒப்பாரி முழுவதையும் மனனமாக வைத்திருக்கிறாள். அவளுக்கே ரதியைக் கற்றுக்கொடுப்பேன் என்கிறார் தாத்தா. பெண் காப்புக் கட்டக்கூடாது, தீட்டு, கம்பம் பட்டுப்போகும் என்கிறது திருவிழாக் குழுவில் ஒரு பகுதி. சிலர் மரபைக் காக்க வேண்டும் என்று நம்மையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆண் ஆடிய ரதியைச் சிரித்து அவமதித்த அதே வாய்கள், பெண் ஆடக்கூடாது என்றதும் மரபின் காவலர் ஆகிவிடுகின்றன! கே. பி. சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். பக்தி எங்கும் பட்டுப்போகவில்லை.

ஆண் ரதியை ஒழிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பெரியவரின் ஆட்டத்தை இப்போதே படம் பிடித்து, பாட்டுகளை எழுதிவைக்க வேண்டும். இம்முறை கொப்பி கப்பலேறக்கூடாது. அத்தோடு, அவர் யாருக்குக் கற்பிக்க விரும்புகிறாரோ அவருக்குக் கற்பிக்கும் உரிமை அவருடையது. கம்பம் ஊன்றுவதற்கு முந்திய ஞாயிறன்று குழு கூடுகிறது. பெரியவர் பேத்தியோடு வருகிறார். ஆசிரியர் சிலரும் போகிறோம். பேரனிடம் சொன்னோம், வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.