மொழியால் பிறந்த நாட்டில் அரசுச் சமயம்

ஆண்டுதோறும் பிப்பிரவரி 21-ஆம் பக்கல் உலகத் தாய்மொழி நாளாகக் கொண்டாடப் பெறுகின்றது. ஒன்றிய நாடுகளவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1999-இல் அறிவித்து, 2000 முதல் நடைமுறைக்கு வந்த நாள் அது. தமிழ்நாட்டுத் தமிழ்மன்றங்களும் அந்நாளில் கூட்டங் கூட்டி, தாக்கா நகரில் மொழிக்காகக் குருதி சிந்திய வங்க இளைஞர்களைப் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசுகின்றன. பேசுவது நன்றே. ஆயின் அக்குருதியில் முளைத்த நாடு பின்னர் என்னாயிற்று என்று கேட்பார் அரியர். மொழியுணர்வால் சமய வெறியை வென்ற நாடு என்று போற்றப்பட்ட வங்காளதேசத்தின் அரசமைப்பில் 1988 தொடங்கி இசுலாம் அரசுச் சமயமாக எழுதப்பட்டுள்ளது. அஃது எவ்வாறு அங்கு நுழைந்தது, யார் நுழைத்தார், யார் அதனைக் காத்தார் என்பது மொழிப்பற்றுடையார் அனைவரும் ஆழ்ந்து எண்ணற்குரிய வரலாறாகும்.

பாக்கித்தான் சமயம் ஒன்றையே நாட்டினத்தின் அடித்தளமாகக் கொண்டு 1947-இல் கட்டப்பட்ட நாடு. அதன் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரங் கல் தொலைவு. இடையில் கிடந்ததோ வேற்று நாடு. மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. 1948 பிப்பிரவரி 25-இல் தீரேந்திரநாத்து தத்தர் என்னும் வங்க உறுப்பினர், அரசமைப்பு மன்றத்தில் உருதுவுடனும் ஆங்கிலத்துடனும் வங்கமொழியையும் பயன்படுத்த இடந்தர வேண்டும் என்று கேட்டார். நாட்டின் 6 கோடியே 90 இலக்கம் மக்களுள் 4 கோடியே 40 இலக்கம் பேர் வங்கம் பேசுவோர் என்று கணக்குங் காட்டினார். அதற்குத் தலைமையமைச்சர் இலியாக்கத்து அலிகான் தந்த விடை கணக்கைத் தொடவே இல்லை. பாக்கித்தான் முசுலீம்களின் நாடு. முசுலீம் இனத்தின் மொழியே அதன் மொழியாதல் வேண்டும். அஃது உருதுவே என்பதுதான் அவ்விடை. எண்ணிக்கைக்கு விடை சொல்ல இயலாதபோது சமயம் துணைக்கு அழைக்கப்பட்டதைக் காண்க. அடுத்த திங்கள் 21-ஆம் பக்கல் சின்னா தாக்காவின் குதிரைப் பந்தயத் திடலில் நின்று, உருதுவே, உருது மட்டுமே அரசுமொழி என்று முழங்கினார். அத்திடலை அன்பர்கள் நினைவிற் கொள்க. அதன் பெயர் மீண்டும் வரும்.

அரபு எழுத்தில் வங்கமொழியை எழுதச் செய்யும் முயற்சியும் அந்நாளில் நடந்தது. மொழியை ஒழிக்க இயலாவிடில் அதன் உருவையேனும் மாற்றிவிடலாம் என்னும் நினைப்புப் போலும்!

1952 பிப்பிரவரி 21, 22 ஆகிய இரு நாள்களிலும் துமுக்கிக் குண்டுகளுக்கு இரையான சலாம், பர்க்கத்து, இரபீக்கு, சப்பார், சபியூர் ஆகிய ஐவரும் முசுலீம்களே. அன்றைய அனைத்துக் கட்சி மொழிப் போராட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அப்துல் அமீத்துகான் பாசானி ஒரு மௌலானா, சமயக் கல்வியுடையவர். அவர் தலைமையில் இயங்கிய அவாமி முசுலீம் கழகமே 1955-இல் தன் பெயரிலிருந்து ‘முசுலீம்’ என்னும் சொல்லை நீக்கி, எல்லாச் சமயத்தார்க்கும் கதவைத் திறந்தது. தொழுகையை விட்டொழித்தவர் செய்த செயலன்று அது. ஐந்து வேளையும் தொழுதவர் செய்தது. இறைப்பற்று வேறு, இறைவன் பெயரை ஆட்சிக்கட்டிலின் காலாக்குவது வேறு என்பதனை அம்மக்கள் எந்த நூலையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டார்கள்.

1971-இல் அப்பட்டறிவு உச்சத்தைத் தொட்டது. பாக்கித்தான் படை இசுலாத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டு வங்க முசுலீம்களையே கொன்று குவித்தது. சமயக் கட்சியான சமாத்தே இசுலாமி அப்படைக்குத் துணை நின்றது. விடுதலைக்கு இரண்டு நாள்களே இருந்த திசம்பர் 14-இல் அறிஞர்கள் தேடித் தேடிக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் முனீர் சௌத்திரி. தாக்காப் பல்கலைக்கழகத்தின் வங்கமொழிப் பேராசிரியர். மொழிப்போரில் சிறை சென்றவர். வங்கத் தட்டச்சுப் பொறிக்கு எழுத்துப் பலகை அமைத்துத் தந்தவர். அவரும் முசுலீமே. தீரேந்திரநாத்து தத்தரோ அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே குமில்லாவிலிருந்த தம் இல்லத்தினின்று மகனோடு இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இத்தகைய நெருப்பினின்று வெளிவந்த மக்கள், 1972 நவம்பர் 4-இல் தங்கள் அரசமைப்பை ஏற்றுக்கொண்டனர். நாட்டினக் கொள்கை, நிகரமை, குடியாட்சி, சமயச் சார்பின்மை என்னும் நான்கும் அதன் தூண்கள். சமயச் சார்பின்மைக்கு அவர்கள் வழங்கிய சொல் வடசொல்தான். ஆயினும் பொருள் அம்மண்ணில் விளைந்தது. அதன் 12-ஆம் பிரிவு கூர்ந்து நோக்கத்தக்கது. சமய வெறி, ஒரு சமயத்துக்கு அரசு அளிக்கும் அரசியல் தகுதி, அரசியல் நோக்கங்களுக்காகச் சமயத்தைத் தவறாகப் பயன்படுத்தல், சமயங் கரணியமாக ஒருவரை ஒதுக்கலும் ஒடுக்கலும் ஆகிய நான்கனையும் ஒழிப்பதே சமயச் சார்பின்மை என்று அது வரையறுத்தது. சமய அடிப்படையில் அரசியல் கட்சி தொடங்குவதை 38-ஆம் பிரிவு தடுத்தது. சமயச் சார்பின்மை என்பது சமயமின்மை அன்று. முசுலீம் தன் சமயத்தையும் இந்து தன் சமயத்தையும் தடையின்றிப் பின்பற்றலாம். சமயத்தை அரசியல் கருவியாக்குவதே கூடாது என்று முசிபுர் இரகுமான் மன்றத்திலேயே விளக்கினார்.

எழுத்தில் இவ்வளவு தெளிவிருந்தும், செயலில் தொடக்கத்திலேயே இரண்டு ஓட்டைகள் விழுந்தன. அவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

முதலாவது, குடிமக்கள் எல்லாரும் ‘வங்காளியர்’ எனப்படுவர் என்று அவ்வரசமைப்பு எழுதியது. சிட்டகாங்கு மலைப்பகுதியினரான மானவேந்திர நாராயண இலார்மா, தாம் சக்குமா இனத்தவர், வங்காளியர் அல்லர் என்று மன்றத்தில் மறுத்துரைத்து வெளியேறினார். தம்மீது உருது திணிக்கப்பட்டபோது கொதித்தெழுந்த இனம், தன்னினும் சிறிய இனத்தின்மீது தன் பெயரைத் திணித்தது! மொழியுரிமை பேசுவோர் இதனைப் படித்துத் தலைகவிழ வேண்டும், வங்கத்தார் மட்டுமல்லர்.

இரண்டாவது ஓட்டை நிலத்தைப் பற்றியது. 1965-இல் இந்தியாவுடன் நடந்த போரின்போது, பாக்கித்தான் அரசு ‘பகைவர் உடைமை’ என்றொரு சட்டம் போட்டது. நாட்டைவிட்டு இந்தியாவுக்குச் சென்றாருடைய நிலமும் வீடும் அதன்படி அரசின் கைக்கு வந்தன. நடைமுறையில் அஃது இந்துக்களின் உடைமை என்றே ஆயிற்று. ஒரு வீட்டில் அண்ணன் கல்கத்தாவுக்குச் சென்றிருந்தால், ஊரிலேயே உழுதுண்டு வாழ்ந்த தம்பியின் பங்கும் பட்டியலில் ஏறிற்று. நாடு விடுதலை பெற்றது, கொடி மாறிற்று, சமயச் சார்பின்மை தூணாக நாட்டப்பெற்றது. அச்சட்டமோ ஒழியவில்லை. 1974-இல், அதே முசிபுர் ஆட்சியில், ‘அரசின்பாற் பட்ட உடைமை’ என்னும் வேறு பெயருடன் தொடர்ந்தது. அவ்வுடைமைகளைக் கைப்பற்றி நுகர்ந்தோர் எல்லாக் கட்சிகளிலும் இருந்தனர். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்கு வங்க மக்களுள் 22 விழுக்காடாக இருந்த இந்துக்கள், 1974-இல் 13.5 விழுக்காடு, 2022-இல் 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நாட்டைவிட்டுப் போனார்க்கெல்லாம் இச்சட்டம் ஒன்றே கரணியம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் காலடி மண்ணையே உறுதி செய்யாத நாட்டில், ஏட்டிலுள்ள சமயச் சார்பின்மை அவர்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ?

1975 ஆகத்து 15-இல் முசிபுர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அதுகாறும் வங்காளதேசத்தை ஒரு நாடாகவே ஏற்காதிருந்த சவூதி அரபிய அரசு மறுநாளே ஏற்றது. பின்னர் ஆட்சிக்கு வந்த படைத்தலைவர் சியாவுர் இரகுமான், 1977-இல் ஓர் அறிவிப்பால் சமயச் சார்பின்மையை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் எல்லாம் வல்ல அல்லாவின்மீது முழு நம்பிக்கை என்று எழுதுவித்தார்; 12-ஆம் பிரிவையும் எடுத்தெறிந்தார். 1979-இல் ஐந்தாம் திருத்தம் அதற்குச் சட்ட முத்திரையிட்டது. மக்களின் ஒப்போலையால் வராத ஆட்சிக்கு ஒரு மேற்சான்று வேண்டியிருந்தது. மறுத்துப் பேச எவருக்கும் துணிவு வராத சான்றாக அவர் கண்டது இறைவன் பெயர்.

அவரை அடுத்து 1982-இல் ஆட்சியைப் பறித்த எர்சாத்து என்னும் படைத்தலைவரின் கதை இன்னுஞ் சுவையானது. தொடக்க வகுப்புகளிலேயே அரபு மொழியைக் கட்டாயமாக்க முனைந்த அவரது கல்வித் திட்டத்தை எதிர்த்து 1983 பிப்பிரவரி 14-இல் மாணவர் திரண்டபோது, அதே தாக்காவில், அதே பிப்பிரவரியில், மீண்டும் துமுக்கிகள் வெடித்தன. பின்னர் 1987-இல் அரசு அலுவலகங்களில் வங்கமொழியைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே! மறு ஆண்டு, பெருங்கட்சிகள் இரண்டும் புறக்கணித்த தேர்தலால் அமைந்த மன்றத்தில், எட்டாம் திருத்தத்தின் வாயிலாக இசுலாத்தை அரசுச் சமயமாக அறிவித்தவரும் அவரே. ஒரு கையில் மொழி, மறு கையில் சமயம், நடுவிலிருந்தது நாற்காலி. வங்கமொழிச் சட்டத்தைக் கண்டு அவரை மொழிப்பற்றாளர் என்பார் உளராயின், அவர் ஏமாறும் இயல்பினர் என்றே கொள்க. இரண்டு போர்வைகளும் அவரைக் காக்கவில்லை. 1990 திசம்பரில் மக்கள் எழுச்சி அவரை வீழ்த்தியது. ஆனால் அவர் எழுதிய பிரிவு வீழவில்லை.

ஏன் வீழவில்லை என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. படைத்தலைவர்கள் சமயத்தைக் கையாண்டதில் வியப்பில்லை. முசிபுரின் மகள் அசீனா, சமயச் சார்பின்மையின் காவலர் என்று தம்மைக் கூறிக்கொண்டவர், 2009 முதல் 2024 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டார். மன்றத்தில் மூன்றில் இரு பங்கினும் மிகுந்த இடங்கள் அவர் கூட்டணியிடம் இருந்தன. ஐந்தாம் திருத்தம் செல்லாது என்ற தீர்ப்பை உச்ச வழக்குமன்றம் 2010-இல் உறுதி செய்து வழியுந் திறந்துவிட்டது. 2011-இல் பதினைந்தாம் திருத்தம் வந்தது. சமயச் சார்பின்மை மீண்டும் எழுதப்பட்டது. 12-ஆம் பிரிவும் மீண்டது. அரசுச் சமயமும் அப்படியே இருந்தது! ஒரு சமயத்துக்கு அரசியல் தகுதி தரலாகாது என்று ஒரு பிரிவு. தந்தோம் என்று மற்றொரு பிரிவு. இவ்விரண்டையும் ஒரே நூலில் கட்டிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! அரசுச் சமயத்தை எதிர்த்து 1988-இல் அறிஞர் பதினைவர் தொடுத்த வழக்கு, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச்சில், தொடுத்தவர்க்கு வழக்காடும் தகுதியில்லை என்று சில நிமையங்களில் தள்ளப்பட்டது.

2015 பிப்பிரவரி 26-இல் அவிசித்து இராய் என்னும் இறைமறுப்பு எழுத்தாளர், தாக்கா நூற்கண்காட்சியிலிருந்து வெளிவந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். மொழிப்போர் ஈகியரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சி அது. கொலையாளிகளைத் தேடியபடியே, சமய உணர்வைப் புண்படுத்தி எழுதாதீர் என்று எழுத்தாளர்களுக்கு அறிவுரையுங் கூறியது அரசு. எபாசத்தே இசுலாம் என்னும் சமய அமைப்பு நீக்கச் சொன்ன பாட்டுகளும் உரைநடைகளும் 2017-ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூல்களில் காணாமற் போயின. அந்நாட்டின் நாட்டுப்பண்ணை இயற்றிய தாகூரின் பாட்டொன்றும் அவற்றுள் அடங்கும். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியனைக் கேட்டால் தெரியும், பாடநூலிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டால் ஒரு தலைமுறையின் நாவிலிருந்து அஃது எடுபட்டது என்று பொருள்.

அடுத்த ஆண்டு, தேர்தல் நெருங்கிய வேளையில், கவுமி சமயப் பள்ளிகளின் உயர்பட்டத்தை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக்கிச் சட்டஞ் செய்தார் அசீனா. நன்றி கூறத் திரண்ட சமயத் தலைவர்களின் மாநாட்டில் அவருக்குக் ‘கவுமியின் தாய்’ என்று பட்டஞ் சூட்டப்பெற்றது. அம்மாநாடு நடந்த இடம், உருதுவே என்று சின்னா முழங்கியதும், 1971 மார்ச்சு 7-இல் விடுதலைக்காக முசிபுர் முழங்கியதும், அவ்வாண்டு திசம்பர் 16-இல் பாக்கித்தான் படை பணிந்து கையெழுத்திட்டதுமான அதே பந்தயத் திடல். இன்று சுக்ரவர்தி பூங்கா எனப்படுவது. நாள், 2018 நவம்பர் 4. நாற்பத்தாறு ஆண்டுகட்கு முன் அரசமைப்பு ஏற்கப்பட்ட அதே பக்கல்!

2024 ஆகத்து 5-இல் மாணவர் எழுச்சியால் அசீனா நாட்டைவிட்டு ஓடினார். வீழுமுன் நான்காம் நாள் சமாத்தே இசுலாமிக்குத் தடை விதித்திருந்தார். அத்திங்கள் முடியுமுன் அடுத்த அரசு அத்தடையை நீக்கியது. பதினைந்து ஆண்டு இருந்த ஆட்சி, தன் கடைசிக் கிழமையில் நினைவு வந்தாற்போல் போட்ட தடைக்கு மக்களிடம் என்ன மதிப்பிருக்கும்? 2025 சனவரியில் அரசமைப்புச் சீர்திருத்தக் குழு, அடிப்படைக் கொள்கைகளினின்று சமயச் சார்பின்மை என்னும் சொல்லை விடுத்து, சமன்மை, மாந்த மதிப்பு, குமுக நயன்மை, பன்மை, குடியாட்சி என்னும் ஐந்தை எழுதப் பரிந்துரைத்தது. அச்சொல் நீங்கலாகாது என்று வாதிடுவோர், அஃது இருந்த காலத்தில் யாரைக் காத்தது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். கைப்பற்றிய இந்து உடைமைகளைத் திருப்பித் தரும் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. திருப்பித் தரவேண்டியவற்றின் பட்டியல் அரசிதழில் வெளிவந்தது 2012-இல்.