பூஜ்யத்தின் தீர்ப்பு

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்கு மறுப்பு எழுத நேரும் என்று நான் நினைக்கவில்லை. கவிதை பற்றி அவர் எழுதினால் எனக்குச் சண்டை உண்டு. சதுரங்கம் பற்றி எழுதினால் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சதுரங்கத்தைச் சாக்காக வைத்து விமர்சனத்துக்கே ஒரு தராசு செய்து நீட்டியிருக்கிறார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனைக் குகேஷ் வென்ற 14ஆவது ஆட்டம் பெறுமானமற்றது என்பது அவர் கட்சி. காரணம்? கம்ப்யூட்டர் அதை நெடுநேரம் பூஜ்யம், அதாவது சமம் என்று காட்டிக்கொண்டிருந்தது. பிறகு டிங் பிசகினார். ஆகவே உலகப் பட்டம் பிச்சையாக விழுந்தது. விருப்பு வெறுப்பற்ற ஒரே விமர்சகன் யந்திரம்தான், இலக்கியத்துக்கும் அப்படியொன்று வாய்த்தால் நம் பத்திரிகைகளின் கூச்சல் பாதி அடங்கும் என்று முடிக்கிறார்.

அடங்கும்தான். மயானத்திலும் அடங்கித்தான் இருக்கிறது.

இந்தப் பூஜ்யம் என்ன சொல்கிறது? இரு தரப்பும் இனிக் கடைசிவரை பிசகாமல் ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை என்று சொல்கிறது. பிசகாமல் ஆடுவது யார்? யந்திரம். பலகையின் இரண்டு பக்கமும் தன்னையே உட்கார்த்திக்கொண்டு அது வழங்கும் தீர்ப்பு இது. சமத்தைக் காப்பாற்ற இருபது நகர்த்தல்கள் இருக்கின்றனவா, இரண்டே இரண்டா என்ற விவரம் அந்த எண்ணில் இல்லை. காப்பாற்ற வேண்டியவனின் கடிகாரத்தில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்பது இல்லை. நவம்பர் 25இல் தொடங்கிய போட்டி அன்றைக்குப் பதினெட்டாவது நாள் (பாரத யுத்தக் கணக்குத்தான்) என்பதும் இல்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்குச் சிப்பாய் ஒன்று கூடுதல். பாடப் புத்தகப்படி டிரா. பார்த்துக்கொண்டிருந்த முக்கால்வாசிப் பேர் அப்போதே டைபிரேக்கர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை. டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைப் பின்னுக்கு இழுத்து யானைகளை மாற்றிக்கொள்ள அழைத்தார். மாற்றிய கையோடு குகேஷ் தன் மந்திரியை நடுப்பலகையில் எதிர் மந்திரிக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். மூலையில் இருந்ததற்குப் போக்கிடமில்லை, மந்திரிகளும் மாறின. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். 58ஆவது நகர்த்தலோடு முடிந்தது.

நண்பர் 55ஆவது நகர்த்தலை மட்டும் பார்க்கிறார். மந்திரி மூலையில் கிடந்ததால்தான் அந்த யானை மாற்றம் விஷமாயிற்று. யந்திரத்தின் கணக்கில் மூலை ஒரு குற்றமல்ல. அங்கிருந்து பிழைக்கும் வழி அதற்குத் தெரியும். களைத்த மனிதனுக்கு மூலை மூலைதான். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர், மாலைகளில் பலகையோடு பாரதி பூங்காவுக்கு வரும் ஒரு சொல்தா பென்ஷன்காரர். மந்திரியை அவர் 'ஃபூ' என்பார். பிரெஞ்சில் அந்தக் காய்க்குப் பெயரே அதுதான். பைத்தியம், கோமாளி இரண்டும் அர்த்தம். "மூலையில கெடக்குற ஃபூ காய் இல்லடா, கல்லு" என்று என் தலையில் குட்டுவார். கம்ப்யூட்டர் பூஜ்யம் போட்ட இடத்தில் அந்தக் கிழவர் குட்டியிருப்பார்.

அந்த ஆட்டத்தைக் கண்டு சதுரங்கமே முடிந்துபோயிற்று என்ற தொனியில் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் புலம்பியதை நண்பர் தமக்குத் துணை சேர்க்கிறார். 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸுக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் வர இருந்த மேட்டைக் காணாமல் ராணியை எங்கோ நகர்த்தித் தோற்றவர் அதே கிராம்னிக். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மனிதன் ஆடும் ஆட்டத்தில் காணாமல் போவதும் ஒரு பகுதி. அதைக் கழித்துவிட்டு மதிப்பிடுகிறவன் எதை மதிப்பிடுகிறான்?

யந்திரத்தின் சரித்திரத்தையும் நண்பர் சௌகரியமாக விட்டுவிட்டார். நம் கடற்கரை மணலில் நின்று பார்த்தால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் கடல் வளைந்து மறைகிறது. அதற்கப்பால் புயல் இருந்தாலும் கண்ணுக்கு இல்லை. பழைய யந்திரங்களின் பார்வையும் அப்படித்தான். இத்தனை நகர்த்தல் என்று ஓர் எல்லை. வரப்போகும் நஷ்டத்தை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் அது ஒழிந்தது என்று நினைத்துக்கொள்ளும். தள்ளிப்போடுவதற்காகச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக வாரி இறைக்கும். தபால்வழிச் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாக இருந்த ஹான்ஸ் பெர்லினர் 1973இல் இதற்குத் தொடுவான விளைவு என்று பெயரிட்டார். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற குடும்பஸ்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எனக்கு மிகப் பிரியமானது. 2008இல் அமெரிக்கரான நகமுரா, அன்றைய வலுவான ரைப்கா என்ற யந்திரத்தோடு அதிவேக ஆட்டம் ஒன்று ஆடினார். சிப்பாய்களைச் சுவர்போல அடைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் காய் நஷ்டத்தோடு, காயை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். காய் எண்ணிக்கையில் தான் முன்னால் இருப்பதாக யந்திரம் கணக்குப் போட்டது. ஐம்பது நகர்த்தலுக்குள் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லையென்றால் டிரா என்பது விதி. ஜெயிக்கிற கட்சிக்கு டிரா அவமானமல்லவா? டிராவைத் தவிர்க்கத் தன் சுவரைத் தானே உடைத்தது, செத்தது. 271 நகர்த்தல். கடைசியில் நகமுரா சிப்பாய்களை ராணியாக்காமல் ஐந்து மந்திரிகளாக்கி வைத்தார். ஐந்து ஃபூ! கிழவர் இருந்திருந்தால் அன்றைக்குப் பூங்காவில் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்திருப்பார்.

இன்றைய யந்திரங்கள் இந்தக் குழிகளில் பலவற்றைத் தாண்டிவிட்டன. 2020இல் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குள் நரம்பு வலைப்பின்னல் புகுந்தபின் நகமுராவின் வித்தை பலிக்காது. எந்த மனிதனும் அதை வெல்லப்போவதில்லை. இதை மறுப்பது அசட்டுத்தனம். ஆனால் யந்திரம் ஆட்டத்தில் பலசாலி என்பதும், மனிதர்கள் ஆடியதற்கு அது நீதிபதி என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். நண்பர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்.

அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்பதற்கு 1997 நியூயார்க் சாட்சி. டீப் புளூவோடு இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். அந்த நிலையிலிருந்து இடைவிடாது செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்று மறுநாளே ஆய்ந்து காட்டினார்கள். யந்திரம் அதைக் கோட்டைவிட்டிருந்தது. காஸ்பரோவ் தேடவே இல்லை. இவ்வளவு ஆடிய யந்திரம் இதை விட்டுவைத்திருக்குமா என்று நினைத்தார். தன் கண்ணைக் காட்டிலும் எதிராளியின் சர்வக்ஞத்தை நம்பினார்.

குகேஷைச் சிறுவயதில் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை கம்ப்யூட்டர் ஆய்வின் பக்கமே விடவில்லை. பின்னால் எல்லோரையும் போல அவரும் அதைப் பயன்படுத்துகிறார், அது கிடக்கட்டும். நல்ல நிலையா கெட்ட நிலையா என்று யாரும் எண் போட்டுச் சொல்லாத பலகையின் முன்னால் ஒரு பையன் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். சமம் என்று உலகமே சொன்ன பலகையின் முன்னால் அன்று எழுந்திருக்காமல் இருந்தவன் அவன்தான். நண்பரோ, ஒரு கவிதையை முதல்தடவை படிக்கும்போதே பக்கத்தில் எண் தெரிய வேண்டும் என்கிறார்.

கட்டுரைக்குக் கட்டுரை என்று இதை நீட்டிக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. ஞாயிறு மாலை பாரதி பூங்காவுக்கு வாருங்கள். பலகை நான் கொண்டுவருகிறேன். 54 நகர்த்தல் முடிந்த நிலையை அடுக்கிவைப்போம். டிங்கின் வெள்ளைக் காய்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யந்திரத் தீர்ப்பின்படி அது பத்திரமான பக்கம். கறுப்பு எனக்கு. நான் சுமாரான ஆட்டக்காரன், உங்களுக்கே தெரியும். கடிகாரம் பத்து நிமிஷம். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.