அடுக்குக் கேக்குக்கு முட்டு

செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினம். 1888-ஆம் வருஷம் அதே தேதியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் எங்கள் திருத்தணி. 1962 முதல் தேசம் முழுவதும் கொண்டாடும் அத்தினத்தை நாங்கள் சற்றுச் சொந்தம் பாராட்டிக்கொண்டு கொண்டாடுவதில் வியப்பில்லை. முன்பெல்லாம் பூமாலையும் கற்கண்டும் போதுமானவையாயிருந்தன. இப்பொழுது மாணவிகள் வீட்டிலேயே செய்த கேக் கொண்டு வருகிறார்கள். அதுவும் மூன்று அடுக்கு! மலைக்கோயிலுக்கு 365 படி ஏறுகிற ஊரில், கேக்குக்கு மூன்று படி அதிகமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த மூன்று படியும் நிற்க வேண்டுமே! தாயும் மகளும் இரவெல்லாம் கண் விழித்துச் செய்த கேக், மேலடுக்கு கீழடுக்கில் புதைந்து, பக்கம் பிளந்து, பள்ளி வாயிலில் வந்து இறங்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. மாவில் குற்றமில்லை; ருசியிலும் குறைவில்லை. முட்டுத்தான் இல்லை.

நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுகிறோம். கீழ்ப்படிப் பொம்மைகளின் தலைமேலா மேற்படிப் பலகையை வைக்கிறோம்? பலகையைத் தாங்கப் பெட்டியோ டின்னோ தனியே நிற்கிறது. கேக்கும் அப்படியே. ஒவ்வோர் அடுக்கும் தன் அளவுள்ள கெட்டி அட்டையின்மேல் இருக்க வேண்டும். அந்த அட்டையைக் கீழடுக்கினுள் செங்குத்தாக நிறுத்திய கோல்கள் தாங்க வேண்டும். பாரம் கோல்களின் வழியே அடிப்பலகைக்கு இறங்கிவிடும். கேக் ஒன்றையும் சுமக்காது.

"சீமையில் மாடி மாடியாக எழுப்புகிறார்களே!" என்று கேட்கலாம். 1947-இல் எலிஸபெத் இளவரசியின் கலியாணக் கேக் 4 அடுக்கு, 9 அடி உயரம், 500 ராத்தல் எடை. ஆனால் அது உலர்ந்த பழங்கள் செறிந்த கனத்த பண்டம்; மேலே சர்க்கரைப் பூச்சு காரைபோல் இறுகியது. நம் வீட்டுக் கேக்கோ பஞ்சு. முட்டை சேர்க்காததானால் இன்னும் எளிதில் உதிரும். பூச்சும் வெண்ணெய், அது 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம்மூர்ப் பிற்பகலைப்பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

எதை முட்டாக வைப்பது? ஊதுவத்திக் குச்சி, துடைப்பத்து ஈர்க்கு, வர்ணம் பூசிய பென்சில் ஆகிய மூன்றையும் கேக்கினுள் கண்டிருக்கிறேன்! மூன்றும் வேண்டாம். பல்குத்தும் குச்சி கூடவே கூடாது: பாரமும் தாங்காது, துண்டில் மறைந்து குழந்தையின் தொண்டைக்கும் போய்விடும். பருத்த பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் இலேசான அடுக்குக்கு நன்றாய் உதவிவந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அதற்குத் தடை. காகிதக் குழலோ ஈரத்தில் ஊறித் துவளும். ஆகவே என் அபிப்பிராயம் மூங்கில்தான். சுண்டுவிரலில் பாதிப் பருமன், சிம்பு எழாதபடி இழைத்தது, சாயமோ வார்னிஷோ படாதது. வெந்நீரில் அலம்பி நன்கு உலர்த்த வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதென்று பச்சை வேப்பங்கிளையை ஒடிக்காதீர்கள்; கசப்பு கேக்கில் இறங்கும்.

அடுத்தது அளவு. கீழடுக்கின் மிக உயர்ந்த இடத்தில் ஒரு கோலை அடிப்பலகை வரை செருகி, மேற்பரப்பில் குறியிட்டு, வெளியே எடுத்து வெட்டுங்கள். மற்றவற்றை அந்தக் கோலோடு ஒட்டிப் பார்த்தே வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அளந்தால் கேக்கின் மேடுபள்ளமெல்லாம் கோலுக்கும் வந்துவிடும். அட்டை நொண்டிநாற்காலிபோல் ஆடும். 10, 8, 6 அங்குல அடுக்குகளானால், 8 அங்குலத்தின் அடியில் 6 கோலும், 6 அங்குலத்தின் அடியில் 4 கோலும் வேண்டும். கீழடுக்கிலுள்ள 6 கோல்கள்மேல் இரண்டு அடுக்கின் பாரமும் விழுவதை மறவாதீர்கள். மேலட்டையின் விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே வட்டமாகச் செருகலாம்.

நிற்க. அடுக்கி முடித்த கேக்கை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவது வீண் துணிச்சல். மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுவந்து பள்ளியிலேயே அடுக்கலாம். பத்து நிமிஷ வேலை. வெட்டும்போது மேலடுக்கைத் தூக்கிவிட்டு, கோல்களை உருவி எண்ணுங்கள். செருகியது பத்தானால் தட்டிலும் பத்து இருந்த பிறகே முதல் துண்டைக் குழந்தை கையில் கொடுங்கள்.