அந்த லிஃப்ட் வீடியோவைப் பகிராதீர்கள்



லிஃப்டுக்குள் ஒரு பெண் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்க்கும் வீடியோவைப் ‘பேய்’ என்று போட்டு இன்னமும் அனுப்புகிறீர்கள். அவர் எலிசா லாம், கனடா மாணவி, வயது 21. 2013 ஜனவரி 31 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் செசில் ஹோட்டலில் காணாமல் போனார். பிப்ரவரி 19 அன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் உடல் கிடைத்தது. நீரில் மூழ்கிய விபத்து, பைபோலார் எனும் இருமுனை மனநோய் அதில் முக்கியக் காரணி என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. மாத்திரைகளை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதற்கும் அறிகுறி இருந்தது.

இந்த நோய் முற்றும்போது சிலருக்குத் தூக்கம் போகும். யாரோ துரத்துவதாகப் பயம் வரும். ஒளிய இடம் தேடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும். நாமோ வேடிக்கை பார்க்கிறோம்.

நம் குடும்பங்களிலும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. வரன் தட்டிப்போகுமென்று மறைக்கிறோம். “நல்லாத்தானே இருக்கே, மாத்திரை எதுக்கு?” என்று கேட்கிறோம். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.