கைவிட்டவனின் சொல்லைக் கலை என்பதா?

இத்தாலிய மொழியில் அன்றாடம் வழங்கும் ‘அரஞ்சார்சி’ என்னும் வினைச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்ற வினா, முதற்பார்வையில் அகராதிக்காரரின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அண்மையில் எமது கைக்குக் கிட்டிய கதை மொழிபெயர்ப்பொன்றிலே, வேலையிழந்து, வீட்டு வாடகைக்கும் வழியற்று நிற்கும் நேப்பிள்ஸ் நகரத்துத் தொழிலாளி ஒருவன், ‘எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்டேன்’ என்கிறான். படித்தவர் சிரித்திருப்பர். எமக்குச் சினமே வந்தது.

பிழை ஆங்கிலத்தின் வழியாக வந்தது. வரிசை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியிற் பிறந்த வினையொன்று ஆங்கிலத்துக்கும் சென்றது, இத்தாலிக்கும் சென்றது. ஆங்கிலத்தில் அது பூச்சாடியில் மலர்களையும் விருந்து மண்டபத்தில் நாற்காலிகளையும் அடுக்கிவைத்தது. இத்தாலியிலோ, செய்பவனையே திரும்பச் சுட்டும் வினையாகி, அடுக்கிவைக்க ஏதுமற்றவனின் வாயிற் குடிபுகுந்தது.

‘பிரெஞ்சு பேசுவீரோ?’ என்று கேட்டால், ‘மி அராஞ்சோ’ என்பான் ஒருவன். ‘ஏதோ சமாளிப்பேன்’ என்பது கருத்து. ஒரு முட்டையும் பழைய பாணுமே வீட்டிலிருக்க, தாய் இராச்சாப்பாட்டை ஒப்பேற்றுவதும் இதே வினைதான். பிணங்கிய இருவர் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வதும் இதுவே. படைவீரர் கொச்சையிலே களவெடுத்தலுக்கும் இச்சொல் நாகரிகப் போர்வையாயிற்று. ஏவலாக வரும்போதோ அதன் முகமே மாறிவிடும். ‘அராஞ்சத்தி!’ என்றால் ‘உன்பாட்டை நீ பார்!’ பன்மையில் அது ‘அரஞ்சாத்தேவி’. எமது செவிக்கு ஏதோ கிராமத்து அம்மன் பெயர்போல் ஒலிக்கிறது. வரங்கேட்டு வந்தவனை வெறுங்கையுடன் திருப்பியனுப்பும் அம்மன்!

ஆகவே யார், யாரை நோக்கி, எந்த நிலையில் நின்று கூறுகிறான் என்று கேளாமல் இச்சொல்லைத் தொடவே கூடாது. கேட்டபின் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஒப்பேற்றுதல், சமாளித்தல், காலந்தள்ளுதல், வயிற்றைக் கழுவுதல், தன்பாடு பார்த்தல் என உழைக்கும் மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்கள் எத்தனை! இவற்றைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கிவிட்டு, தமிழில் ஈடான சொல் இல்லையென்று கைவிரிக்கும் பண்டிதர்களை என்னென்பது?

இன்னொரு சாரார் இவர்களினும் அபாயமானவர்கள். ‘அரஞ்சார்சிக் கலை’ என்ற தொடரைக் கண்டதும் அவர்கள் உள்ளம் உருகிவிடுகிறது. அது நேப்பிள்ஸ் மக்களின் பிறவிக்குணமாம். கடலும் வெயிலும் அளித்த சாதுரியமாம். எம்மொழியிலும் பெயர்க்கவியலாத ஆன்மாவாம்! இத்தொடரையே தலைப்பாகக் கொண்டு 1954இல் லூயிஜி ஸாம்பா ஆக்கிய திரைப்படத்தை இவர்கள் பார்த்திருப்பின் நன்று. விட்டாலியானோ பிராங்காத்தி எழுதிய அக்கதையின் நாயகன், காற்றடிக்கும் திசைக்கேற்ப சோசலிசவாதியாகிறான், பாசிசவாதியாகிறான், கம்யூனிஸ்ட் ஆகிறான், பின்னர் கிறித்தவ சனநாயகவாதியும் ஆகிறான். இங்கே சந்தர்ப்பவாதம் என்றே பெயர்க்கவேண்டும். ஒரு முட்டையைப் பகிர்ந்து பிள்ளைகளின் பசியாற்றும் தாயையும், சட்டை மாற்றுவதுபோற் கொள்கை மாற்றும் இப்பேர்வழியையும் ஒரே ‘கலை’யினுள் அடைப்பதால் யாருக்கு இலாபம்?

பிறவிக்குணம் என்ற பேச்சும் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டு ஜேர்மன் பயண வழிகாட்டி ஒன்று, நேப்பிள்சில் 30,000 முதல் 40,000 வரையான சோம்பேறிகள் உளர் என்று எழுதியது. 1787இல் அந்நகரில் தங்கிய மகாகவி கதே அதனை நம்பாது, தெருக்களிலே அச்சோம்பேறிகளைத் தேடினார். அவர் கண்டவர்கள் சுமைகாரர், வண்டிக்காரர், மீனவர், மரச்சிராய் பொறுக்கி விற்கும் சிறுவர். வேலைக்காகக் காத்து நின்றவர்களே சோம்பேறிகளாக எண்ணப்பட்டிருந்தனர். 1926இல், சிறைப்படுவதற்குச் சற்று முன், தென்னிலப் பிரச்சினை பற்றி எழுதிய கிராம்சி, தென்னிலத்தார் இயல்பிலேயே சோம்பர் என்ற கதையை வடக்கின் முதலாளித்துவப் பிரசாரம் தொழிலாளரிடையே பரப்பியதை அம்பலப்படுத்தினார். அன்று சோம்பல் என்றதைத்தான் இன்று சாதுரியம் என்று கொஞ்சுகின்றனர். ஊதியத்தையும் வேலையையும் பற்றிய கேள்வி இரண்டிலும் எழுவதில்லை.

1943 செப்டெம்பர் 8ஆம் நாள் மாலை, போர்நிறுத்தத்தைப் பதோலியோ வானொலியில் அறிவித்தார். மறுநாட் காலையில் மன்னரும் அவரும் உரோமாபுரியை விட்டு ஓடினர். தெளிவான கட்டளையின்றி விடப்பட்ட இத்தாலியப் படையினரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஜேர்மனியர் சிறைப்பிடித்து முகாம்களுக்கு அனுப்பினர். ‘அரஞ்சாத்தேவி’ என்பதன்றி அரசு அவர்களுக்குச் சொல்லாமற் சொன்னது வேறென்ன? அதே மாதம் 27 முதல் 30 வரை, நேசப் படைகள் வந்துசேருமுன்னரே, நேப்பிள்ஸ் மக்கள் ஆயுதமேந்தி ஜேர்மன் படையை நகரிலிருந்து வெளியேற்றினர். அவர்களும் தம்பாட்டைத் தாமே பார்த்தனர்! இந்த இடத்தைப் பெயர்க்கும்போது ‘சமாளித்தனர்’ என்று எழுதுவோர் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

டி சீக்காவின் ‘சைக்கிள் திருடர்’ 1948இல் வெளிவந்த படம். மனைவி படுக்கை விரிப்புகளை அடகுவைத்து மீட்டுக்கொடுத்த சைக்கிள், வேலையின் முதல் நாளே களவுபோகிறது. பொலிஸ் நிலையத்தில் ரிச்சி முறையிடுகிறான். அதிகாரி முறைப்பாட்டை எழுதிக்கொள்கிறான்; தேடும் பொறுப்பையோ அவன் தலையிலேயே கட்டிவிடுகிறான். அவ்விடத்துக்குத் தமிழில் வசனம் எழுத எம்மைக் கேட்டால், அகராதி எதனையும் புரட்டமாட்டோம். கந்தோர் யன்னல்களின் முன் வரிசையில் நின்று நாம் எத்தனையோ முறை கேட்ட வாசகத்தையே எழுதுவோம்: ‘அது உங்கட பாடு.’