அமுக்குவது பேயா?



எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா தறி ஓட்டுகிறார்.

முதல் செமஸ்டர் தேர்வு விடுமுறையில், ராத்திரி இரண்டு மணிவரை படித்துவிட்டு வீட்டில் மல்லாந்து படுத்தேன். விடியற்காலம் விழிப்பு வந்தது. மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது. ஆனால் கை அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி பாரம். கத்தினேன், சத்தம் வரவில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கோ ஒரு யுகம்!

"அமுக்குவான் புடிச்சிருச்சுடா" என்று பாட்டி தலைமாட்டில் இரும்பு வைத்தார். அப்பா ஒரு வாரக் கூலியைக் கோடாங்கியிடம் கொடுத்துத் தாயத்து வாங்கி வந்தார். கட்டிக்கொண்டேன். பதினைந்தே நாளில் மறுபடியும் அமுக்கியது! பிறகுதான் கூச்சத்தை விட்டு அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். நூலகத்திலும் தேடிப் படித்தேன்.

தூக்கத்தில் சில நேரம் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக ஓடும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் இருவரும் இதை எழுதி வெளியிட்டார்கள். கனவு அதிகம் வருவது அப்போதுதான். கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, மூளை கை கால் லைனுக்கு மட்டும் ஃபியூஸைப் பிடுங்கி வைக்கிறது. மூச்சு லைன் ஓடிக்கொண்டே இருக்கும். சில சமயம் ஃபியூஸ் போடுவதற்கு முன்பே நாம் விழித்துவிடுகிறோம். கனவின் மிச்சம் எதிரில் நிழலாக நிற்கிறது. அமுக்குவான் என்பது இவ்வளவுதான்! தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும்.

தூக்கத்தில் நடப்பது வேறு. அது பெரும்பாலும் இரவின் முற்பகுதியில், ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. நடந்தவனுக்குக் காலையில் பெரும்பாலும் ஒன்றும் நினைவிருக்காது.

போன வருஷம் நம் விடுதியில் ஒரு நண்பன் அப்படி நடந்தான். "மோகினி" என்று பெயர் வைத்தோம். ஒருநாள் மாடிப்படி வரை போனவனைக் கைபிடித்துத் திருப்பாமல், கைகொட்டிச் சிரித்தோம். தாயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவன் வீட்டிலும் அவன்தான் முதல் படிப்பாளி.

நண்பர்களே! தூக்கத்தில் நடப்பவனை மெதுவாகத் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு அழைத்து வாருங்கள், கதவைத் தாழிடுங்கள். அமுக்கினால் பயப்படாதீர்கள், தானே விலகும். தேர்வு நேரத்திலும் தூக்கத்தைக் களவு கொடுக்காதீர்கள். அடிக்கடி வந்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவருக்குப் படிக்க வழியில்லை. படிக்க வந்த நாம் சிரித்தோமே, அதற்கு எந்தக் கோடாங்கியிடம் தாயத்து வாங்குவது?

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு